ஆன்காலஜி நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்: பொறுப்புப் பட்டியலில் என்ன எழுதுவது?

இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். நான் கீமோ டே கேரில் வேலை செய்யும் நர்ஸ். எங்கள் நிர்வாகம் ‘ஆன்காலஜி நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’, அதாவது புற்றுநோய்ப் பிரிவுக்கான சிறப்பு நர்ஸ், என்று ஒரு புதுப் பதவியைக் கொண்டுவரப்போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பதவியில் உட்காருபவர் என்ன செய்வார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. “நீங்களே ஒரு பொறுப்புப் பட்டியல் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்” என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்குள்ள பயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது பேட்ஜ், அதே பழைய வேலை, கூடுதலாக நாலு ரெஜிஸ்டர். ஆள் குறைந்த நாளில் ஆர்த்தோ (எலும்பு) வார்டுக்கு மாற்றல். ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர் வைத்த பல இடங்களில் இதுதான் நடக்கிறது.

அந்த நர்ஸ் யாரையும் கேட்காமல் தானே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை என்று எழுதப்படாவிட்டால், அது பதவியே இல்லை என்பது என் கட்சி. “மருத்துவருக்கு உதவுதல், நோயாளிக்கு ஆறுதல் கூறுதல்” என்று எழுதுவதும் காகிதத்தை வெறுமையாக விடுவதும் ஒன்றுதான். கீமோ முடிந்து வீட்டுக்குப் போனவர், வெள்ளணுக்கள் தரைமட்டமாக இருக்கும் பத்தாவது நாளில், 38.3 டிகிரி காய்ச்சல் என்று ஃபோன் செய்கிறார் என்று வையுங்கள். இப்போது எங்களிடம் அந்த ஃபோனை எடுப்பவர் “டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். டாக்டர் தியேட்டரிலோ ரவுண்ட்ஸிலோ இருப்பார். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று எல்லா வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. ஆனால் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பதில் போகும் நேரத்தை எந்தக் கடிகாரமும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த மாதிரிப் பதவியில் இருப்பவர்கள், அவர்களோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்ன எழுதலாம்?

கரும்பலகை

நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள், அதனால் என் பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. அதிகாரம் வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் படிப்பு இல்லாமல் அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும்?

இந்தத் துறை வளர்ந்த கதையைப் பார்த்தால் படிப்புதான் முதலில் வந்திருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1947-லேயே கேன்சர் நர்சிங்குக்குத் தனிப் பாடம் தொடங்கினார்கள். கீமோ என்பதே அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. ‘கிளினிகல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற வகையை மனநலத் துறையில் ஹில்டகார்ட் பெப்லா 1954-ல் ரட்கர்ஸில் முதுநிலைப் படிப்பாகத் தொடங்கினார். அமெரிக்காவில் ஆன்காலஜி நர்சிங் சங்கம் அமைந்தது 1975-ல்தான், தகுதித் தேர்வு வந்தது 1986-ல். பாடம், பிறகு சங்கம், பிறகு தேர்வு. பதவிகள் இதற்கு நடுவிலும் பின்னாலும்தான் வந்தன.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பில் போட்டால் மருந்து. அதையே தவறிப்போய் முதுகுத்தண்டு வழியாகப் போட்டுவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். இப்படி மரணங்கள் நடந்த பிறகுதான், சிரிஞ்சில் ஏற்றாமல் சிறு பையில் கலந்து கொடுங்கள் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பையாக இருந்தால் அதை முதுகில் போட யாருக்கும் கை வராது. இந்த ‘ஏன்’ தெரிந்த நர்ஸ்தான், சிரிஞ்சில் வந்த வின்கிறிஸ்டினைப் பார்த்ததும் “இதை நான் வாங்க மாட்டேன்” என்று திருப்பி அனுப்புவார். தெரியாதவருக்கு அது இன்னொரு ஊசி, அவ்வளவுதான்.

இரவுப்பணி

மேடம், நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது! “வாங்க மாட்டேன்” என்று சொல்ல அறிவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு மெமோ வராது என்ற நம்பிக்கையும் வேண்டும். படித்த நர்ஸ்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

மேற்பார்வை

நர்சிங் சூப்பிரண்டெண்டன்ட் வேலையில் இருக்கிறேன், எனவே இந்த இழையில் வில்லி நான்தான் போலிருக்கிறது.

ஆர்த்தோ வார்டுக்கு மாற்றல் என்று ஏளனமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆர்த்தோ வார்டில் இரவு ஷிப்டுக்கு ஒரே ஒரு நர்ஸ் இருக்கும்போது நான் யாரை அனுப்புவது? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகம் முழுக்க சுமார் 2.8 கோடி நர்ஸ்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் தேவை. இன்னொரு பக்கம் 2022-ல் மட்டும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டிருக்கிறது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நின்றுதான் நான் டியூட்டி ரோஸ்டர் போடுகிறேன்.

ரொட்டேஷனுக்கு ஒரு நியாயமும் உண்டு. கேன்சர் வார்டிலேயே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உள்ளுக்குள் வெந்துபோகிறார்கள். மாதக்கணக்கில் பழகிய நோயாளி போய்ச் சேர்ந்த மறுநாளே அதே பெட்டில் புதியவருக்குச் சிரித்த முகத்தோடு கேனுலா (மருந்து ஏற்றும் குழாய்) போட வேண்டும். சிலருக்கு இடமாற்றம் தண்டனை இல்லை, மூச்சு விடும் வழி.

இரவுப்பணி

மேடம், வில்லி என்று நான் சொல்லவே இல்லை :) மூச்சு விடும் வழி என்பதையும் மறுக்கவில்லை. கேட்பவர்களுக்கு மாற்றல் கொடுங்கள். கேட்காதவரை ஏன் பிடுங்க வேண்டும்?

நர்ஸ் எப்படித் தேர்ச்சி பெறுகிறார் என்று பாட்ரிஷியா பென்னர் 1980களில் ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். கரும்பலகை மேடத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதில் ‘திறமையானவர்’ என்ற மூன்றாம் படிக்கே, ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று வருடம் வேண்டும் என்கிறார். அதற்கு மேலே இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை வார்டு மாற்றினால் ஆயுள் முழுக்க எல்லோரும் இரண்டாம் படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து போடும்போது நடப்பதைச் சொல்கிறேன். நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்பார்கள். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் அழுகிவிடும். புரோட்டோகாலில் “வீக்கம், எரிச்சல், ரத்தம் திரும்பி வராமை” என்று இருக்கிறது. ஆனால் நிஜத்தில் முதலில் வருவது அதில் எதுவும் இல்லை. நோயாளி கையை லேசாக இடம் மாற்றி வைப்பார். அல்லது பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துவார். சிரிஞ்சைத் தள்ளும் கட்டைவிரலில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். பழகிய நர்ஸ் அங்கேயே நிறுத்திவிடுவார். கேனுலாவைப் பிடுங்க மாட்டார், அதன் வழியாகவே முடிந்தவரை மருந்தை உறிஞ்சி எடுப்பார். பிறகு ஐஸ் ஒத்தடம். அதே இடத்தில் கசிந்தது வின்கிறிஸ்டினாக இருந்தால் ஐஸ் வைக்கக் கூடாது, சூட்டு ஒத்தடம். இந்த ஐஸ், சூடு விஷயத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கட்டைவிரலுக்கு வரும் அந்தத் தகவலுக்கு ஒரே இடத்தில் காலம் தள்ளியாக வேண்டும்.

நீலச்சட்டை

அக்கா, நான் கடைசி வருட மாணவி. கட்டைவிரல் விஷயத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். டாக்ஸோரூபிசின் கசிந்தால் அதற்கு முறிவு மருந்தாக டெக்ஸ்ராசாக்ஸேன் போடலாம் என்று படித்தேன். அது எப்போது?

இரவுப்பணி

கசிந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து, கசிவு இல்லாத வேறு கை நரம்பு வழியாக. போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஐஸை எடுத்துவிட வேண்டும், குளிர்ச்சியில் ரத்த ஓட்டம் சுருங்கினால் மருந்து அங்கே போய்ச் சேராது. ஆர்டர் டாக்டருடையது. ஆனால் அந்த 6 மணி நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று முதலில் சத்தம் போட வேண்டியவர் நர்ஸ்.

மருந்துச்சீட்டு

மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், கீமோ எழுதிக் கொடுக்கும் டாக்டர். இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நர்ஸ் தானே முடிவெடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காய்ச்சல் கேஸ் உதாரணம் சரியானது. அங்கே யோசிக்க ஒன்றுமே இல்லை: ரத்தம் எடு, கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை) அனுப்பு, ஆன்டிபயாடிக் ஏற்று. வெள்ளணு கவுண்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதே தவறு. அதை எழுத்தில் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் எல்லாம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. வயிற்றுப்போக்கு என்று ஒருவர் கூப்பிடுகிறார். இரினோடெகான் என்ற கீமோ போட்டவர் என்றால் லோபரமைடு (வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை), தண்ணீர், கவனிப்பு. நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற இம்யூனோதெரபியில் (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) இருப்பவருக்கும் அதே வயிற்றுப்போக்குதான் வருகிறது. ஆனால் அது அவருடைய நோய் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதாக இருக்கலாம். அங்கே லோபரமைடு கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால், ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நாட்கள் வீணாகும், குடல் ஓட்டையாகும் அபாயமும் உண்டு. அறிகுறி ஒன்று, வைத்தியம் நேர் எதிர். அதனால்தான் எல்லை எங்கே என்று கேட்கிறேன்.

இரவுப்பணி

டாக்டர், இதே கேஸை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று யோசியுங்கள். இரவு 11 மணிக்கு அந்த ஃபோனை எடுப்பது கேஷுவாலிட்டியில் இருக்கும் ஜூனியர். அவர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை தடவை போச்சு?” என்பதாக இருக்கும். ஸ்பெஷலிஸ்ட் நர்ஸின் முதல் கேள்வி “உங்களுக்கு என்ன மருந்து போடுகிறார்கள்?” என்பது. ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்திய இம்யூனோதெரபிகூட இப்போது வேலையைக் காட்டலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். லோபரமைடா ஸ்டீராய்டா என்ற முடிவை அவர் எடுக்க வேண்டாம். “இது காலை வரை காத்திருக்கும் கேஸ் இல்லை, உள்ளே வாருங்கள்” என்ற முடிவை எடுத்தால் போதும்.

பிரிட்டனில் ஆன்காலஜி நர்சிங் சங்கத்தின் 24 மணி நேர ஃபோன் உதவிக்கு ஒரு படிவம் இருக்கிறது. சிவப்பு, ஆம்பர், பச்சை. ஒரு சிவப்பு வந்தால் உடனே உள்ளே. இரண்டு ஆம்பர் சேர்ந்தாலும் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் எடுக்கும் முடிவுக்கு எல்லை போடுவது என்றால் இப்படித்தான் போட வேண்டும். “சந்தேகம் வந்தால் டாக்டரை அழை” என்பதை எல்லை என்று சொல்ல முடியாது.

மருந்துச்சீட்டு

ஃபோனில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி மருந்தின் பெயர். இதை உங்கள் பட்டியலில் முதல் வரியாகவே போடலாம். ஏற்கிறேன்.

கூடவேஇருந்தவள்

நான் நர்ஸ் இல்லை. என் அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தபோது கூட இருந்தவள். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

அம்மாவுக்குக் கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை, 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. முதலில் பார்த்த மருத்துவமனையில் மாத்திரையைக் கொடுத்து “கை கால் சிவக்கலாம், க்ரீம் தடவுங்கள்” என்றதோடு சரி. இரண்டாவது சுற்றில் உள்ளங்கால் வெடித்து, போர்வை பட்டாலே துடித்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் நோய் ஏறிவிடும் என்று பயம். சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டார். எனக்கே தெரியாது.

பிறகு வேறு இடத்துக்கு மாறினோம். அங்கே மாத்திரை நோயாளிகளுக்கென்றே ஒரு சிஸ்டர் இருந்தார். அவரே ஃபோன் செய்வார். “கை எப்படி இருக்கிறது?” என்று கேட்க மாட்டார். கேட்டால் அம்மா “நல்லா இருக்கேன்மா” என்றுதான் சொல்லியிருப்பார். “இன்றைக்கு ஜாக்கெட் ஊக்கு நீங்களே போட்டீர்களா, மகள் போட்டுவிட்டாரா?” என்று கேட்டார். அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. அன்று மாலை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். டாக்டரிடம் அவரே பேசி, அடுத்த சுற்றில் அளவைக் குறைத்து வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் விவாதத்தில் படிப்பா அதிகாரமா என்று ஓடுகிறது. அந்த சிஸ்டர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது. ஃபோன் அவரிடம் இருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

கரும்பலகை

அந்த ஊக்குக் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன் அம்மா.

பக்க விளைவுகளைத் தரம் பிரிக்கும் அட்டவணையில் கை கால் பாதிப்பின் மூன்றாம் தரம் என்பதற்கு அடையாளமே, தன் காரியங்களைத் தானே செய்துகொள்ள முடியாமல் போவதுதான். உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது. அந்த சிஸ்டர் அட்டவணையை உங்கள் அம்மாவின் ஜாக்கெட்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். இதைப் பாடத்திட்டத்தில் எந்த யூனிட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வைத்தே ஆக வேண்டும்.

மருந்துச்சீட்டு

கூடவேஇருந்தவள் அவர்களுக்கு: உங்கள் அம்மாவின் பயம் மிக மிகச் சாதாரணம். இந்த மாத்திரையில் பக்க விளைவுக்காக விட்ட டோஸ்களைப் பின்னால் ஈடுகட்டவே மாட்டோம், அப்படி விடுவது சிகிச்சைத் திட்டத்துக்குள் அடங்கிய விஷயம்தான். இதை முதல் நாளே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். என் ஓ.பி.யில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். எனவே பட்டியலில் இரண்டாவது வரி: வாய்வழி கீமோ நோயாளிகள் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸின் பொறுப்பு. வீக்கம், வலி வந்தால் அடுத்த டோஸை நிறுத்தி வைக்கும் உரிமை அவருக்கு உண்டு, எனக்கு அன்றே தகவல் வர வேண்டும். மறுபடி தொடங்குவது, அளவைக் குறைப்பது என் வேலை.

அளவுகோல்

கிளினிகல் டிரையல்களில், அதாவது நோயாளிகளை வைத்து நடக்கும் சிகிச்சை ஆய்வுகளில், ரிசர்ச் நர்ஸ். நிர்வாகத்தை ஒத்துக்கொள்ள வைக்கக் கண்ணீரை விட எண்கள் சுலபம், எனவே சில.

நோயாளிகள் தங்கள் அறிகுறிகளைக் கம்ப்யூட்டரில் தாங்களே பதிவு செய்வது, மோசமானால் நர்ஸுக்கு உடனே மெயில் போவது என்று நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 766 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2017-ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 26.0 மாதம், அறிகுறி கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு 31.2 மாதம். புது மருந்து எதுவும் இல்லை. பத்திரிகைகள் எல்லாம் சாஃப்ட்வேரைப் பாராட்டின. மெயில் வந்ததும் ஃபோனை எடுத்தது நர்ஸ் என்பது கட்டுரையின் உள்ளே இருக்கிறது.

2010-ல் பாஸ்டனில் நடந்த ஆய்வும் இதே திசைதான். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். நோய் தெரிந்த உடனேயே பாலியேட்டிவ் கவனிப்பும் (வலி, அவஸ்தையைத் தணிக்கும் கவனிப்பு) சேர்ந்து கிடைத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், கிடைக்காதவர்களுக்கு 8.9 மாதம். கடைசிக் கட்டத்தில் அந்தக் கவனிப்பு கிடைத்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை குறைவாகவே தரப்பட்டது, ஆனாலும் ஆயுள் அதிகம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பதவி வந்த பிறகு ‘எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கினார்’ என்று எண்ண ஆரம்பித்தால் அந்தப் பதவி செத்துவிடும். ரெஜிஸ்டரில் எண் ஏறும், அவ்வளவுதான். காய்ச்சல் கேஸில் வாசலிலிருந்து ஆன்டிபயாடிக் வரை எத்தனை நிமிடம், முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அட்மிஷன் எத்தனை என்று எண்ணுங்கள். பதவி தொடங்குவதற்கு முன்பே மூன்று மாதக் கணக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

மேற்பார்வை

எண்கள் பிரமாதம். ஆனால் பாஸ்டனில் வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

மேற்பார்வை மேடம், உங்கள் பக்கத்துக்கும் எண் இருக்கிறது. ஐரோப்பாவில் 9 நாடுகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா ஐக்கன் குழு 2014-ல் வெளியிட்டது. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் அதே 7 சதவீதம் குறைகிறது. ஆளும் வேண்டும், படிப்பும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க இந்த ஆய்வைப் பயன்படுத்த முடியாது. நிர்வாகக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள், உங்களுக்குத்தான் அதிகம் உதவும்.

பைமாற்றி

ஸ்டோமா நர்ஸ். மலம் வெளியேற வயிற்றில் போடும் துளையையும் அதில் ஒட்டும் பையையும் கவனிப்பது என் வேலை. எல்லோரும் கீமோவைப் பற்றியே பேசுவதால் எட்டிப்பார்க்கிறேன்.

படிப்பு முதலில் வந்தது என்று கரும்பலகை மேடம் வரிசை போட்டார். எங்கள் துறை அப்படி வரவில்லை. கிளீவ்லண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தன் நோயாளியாக இருந்த நார்மா கில் என்ற பெண்ணை 1958-ல் வேலைக்குச் சேர்த்தார். அவர் நர்ஸ்கூட இல்லை. வயிற்றில் பையோடு வாழ்பவர். பை ஒட்டாமல் கசிவது, சுற்றியுள்ள தோல் வெந்துபோவது, துணி நனைந்துவிடுமோ என்று வெளியே போகவே பயப்படுவது, எல்லாம் அவருக்கு அனுபவம். மற்ற நோயாளிகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். அது பலித்ததைப் பார்த்துத்தான் 1961-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். முதலில் வேலை, அதிலிருந்து பாடம்.

இன்றும் அறுவைக்கு முதல் நாள் வயிற்றில் எங்கே துளை வர வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் குறிப்பது நாங்கள்தான். படுக்க வைத்துப் பார்த்தால் போதாது. உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, சதை எங்கே மடிகிறது, துணியை எங்கே கட்டுகிறார், குறி அவர் கண்ணுக்கே தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் குறிப்போம். மடிப்பில் துளை வந்தால் பை ஒட்டவே ஒட்டாது, மிச்ச வாழ்நாள் முழுக்க அவஸ்தை. இந்தக் குறியை மதித்து அங்கேயே வெட்டும் சர்ஜன்களோடு வேலை செய்கிறேன். இரவுப்பணி கேட்கும் அதிகாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன் :) ஆனால் பயிற்சிப் பள்ளி வந்திராவிட்டால் நார்மா கில்லோடு அந்த வித்தையும் போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலச்சட்டை

அப்படியென்றால் நான் படித்து முடித்ததும் நேராக ஆன்காலஜி டிப்ளமோவில் சேரலாமா, முதலில் வேலைக்குப் போகலாமா? இங்கே ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறீர்களே.

கரும்பலகை

வேலைக்குப் போ அம்மா. டிப்ளமோ வகுப்பில் உட்காரும்போது உன் மனதில் நாலு நோயாளிகளின் முகமாவது இருக்க வேண்டும். அப்போதுதான் சிஸ்பிளாட்டின் பாடத்தில் மக்னீசியம் குறையும் என்று நான் சொல்லும்போது, விரல் மரத்துத் துடித்த அந்த ஆள் ஞாபகத்துக்கு வருவார்.

சேரும் இடத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்: வகுப்புக்கு வெளியே, ஒரு தேர்ந்த நர்ஸின் பக்கத்தில் நின்று பழகும் நேரம் எவ்வளவு? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார். அப்புறம், கெட்ட செய்தி சொல்லப்பட்ட பிறகு நோயாளியோடு பேசுவதைப் பற்றிய பயிற்சி நடிப்பு முறையில் இருக்கிறதா என்று பார். பவர்பாயின்ட்டில் கற்றுக்கொடுத்தால் வராது. டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு “அவர் என்ன சொன்னார் சிஸ்டர்?” என்ற கேள்வி உன்னிடம்தான் வரும்.

இரவுப்பணி

நீலச்சட்டை, நான் சொல்வது இன்னும் சாதாரணமானது. இரண்டு ஜோடி கையுறை. எவ்வளவு அவசரமானாலும். கீமோ மருந்து கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரில் மரபணுவைக் கெடுக்கும் தன்மை இருந்ததை 1979-லேயே பின்லாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். “நாங்கள் எல்லாம் வெறும் கையாலேயே கலந்தோம்” என்று வீரம் பேசும் சீனியர் உனக்கும் கிடைப்பார். சிரித்துக்கொண்டே கையுறையைப் போடு. கீமோ போட்டவரின் சிறுநீர், வாந்தியைச் சுமார் 48 மணி நேரம் வரை கையுறை இல்லாமல் தொடாதே. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சொல்லி அனுப்பு, இதை யாருமே சொல்வதில்லை.

கூடவேஇருந்தவள்

எங்களுக்குச் சொல்லவில்லை.

இரவுப்பணி

ஆமாம். அதையும் எழுதிக்கொண்டேன்.

சரி, இதுவரை வந்ததை வைத்து ஒரு வரைவு தயார். சுருக்கமாகப் போடுகிறேன். ஃபோன் உதவியை ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் நடத்துவார், சிவப்பு வந்தால் யாரையும் கேட்காமல் நோயாளியை உள்ளே வரவழைப்பார். கீமோவுக்குப் பின் காய்ச்சல் என்றால் ரத்தமும் கல்ச்சரும் எடுத்து, முன்கூட்டியே கையெழுத்தான ஆர்டரின்படி முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கைத் தானே தொடங்குவார். வாய்வழி கீமோ நோயாளிகளுக்குத் தொடக்கப் பேச்சும் தொடர் ஃபோனும் அவருடையது, டோஸை நிறுத்தி வைக்கும் உரிமையோடு. தவறாக வந்த மருந்தைத் திருப்பி அனுப்பலாம், அதற்காக விளக்கக் கடிதம் கேட்கக் கூடாது. வாரத்தில் அரை நாள் கற்பித்தலுக்கு, அந்த நேரத்தில் வார்டு வேலை கிடையாது. அவர் விரும்பிக் கேட்டால் ஒழிய மூன்று வருடத்துக்கு மாற்றல் இல்லை.

கடைசி வரியில்தான் மேற்பார்வை மேடம் கைவைப்பார்.

மருந்துச்சீட்டு

ஆன்டிபயாடிக் வரியில் அலர்ஜி விவரம் பார்ப்பதைச் சேர்க்கவும். பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு மாற்று மருந்தின் பெயரும் அதே ஆர்டரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி என்னைத் தேடி ஓட வேண்டியிருக்கும். மற்றபடி சரி.

‘டோஸை நிறுத்தி வைக்கும் உரிமை’ என்பதை எங்கள் துறைக் கூட்டத்தில் சிலர் எதிர்ப்பார்கள். பக்க விளைவு அட்டவணையில் கிரேடு (தரம்) 2-க்கு மேல் என்று வரையறை போட்டால் வாதம் குறையும்.

அளவுகோல்

கிரேடு 2-ம் அதற்கு மேலும் என்று எழுதுங்கள். ‘2-க்கு மேல்’ என்றால் 3-ல்தான் நிறுத்தலாம் என்று படித்துக்கொள்வார்கள். அதற்குள் ஊக்குப் போட முடியாமல் போயிருக்கும்.

மருந்துச்சீட்டு

ஆம். கிரேடு 2-ம் மேலும்.

மேற்பார்வை

மூன்று வருடத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், நம்புங்கள். அந்த ஐக்கன் ஆய்வைக் காட்டி இன்னொரு இடமும் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் பார்ப்போம். விளக்கக் கடிதம் கேட்கக் கூடாது என்ற வரியையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் யாருமே எழுதாத ஒன்று இருக்கிறது. இந்த ஸ்பெஷலிஸ்ட் ஒரே ஆள். அவருக்கும் வார விடுமுறை உண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மகப்பேறு விடுப்பு வரும். அன்று அந்த ஃபோன் யார் கையில்? பெயரோடு இரண்டாவது ஆளை எழுதுங்கள். அவருக்கும் அதே பயிற்சி, அதே உரிமை. அந்த வரியைச் சேர்த்து அனுப்பினால் திங்கட்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன்.

இரவுப்பணி

சேர்க்கிறேன் மேடம். இரண்டாவது ஆளின் பெயர் ஞாயிற்றுக்கிழமைக்குள் வரும். அவரிடம் முதலில் கேட்க வேண்டும், இன்று அவருக்கு இரவு ஷிப்ட்.